மாமோவ் டாட் வேவ்

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் ஓர் ஓடைக்கு இந்தக் கரையில் முருகானந்தத்தின் வீடு. அந்தக் கரையில் அவனுடைய அப்பா செல்லமுத்துவின் மிளகுத் தோட்டமும் குச்சிக்கிழங்குக் காடும். நடுவில் இருக்கும் தூரம் காக்கைக்கு நாலு இறக்கை அடி. மனிதன் இறங்கி ஏறினால் முட்டிகள் இரண்டும் தனித்தனியாக வீடு வந்து சேரும். அதனால் அங்கே யாரும் யாரையும் நேரில் போய்க் கூப்பிடுவதில்லை. வாசல் ஓரத்தில் நின்று கூவுவார்கள்.

கூவுவதற்கு இரண்டே விதி. எதிர்க்கரையிலிருந்து பதில் வரும்வரை கூவ வேண்டும். பதில் வந்துவிட்டால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். பதில் வந்த பிறகும் ஒருவர் கூவிக்கொண்டிருந்தால் பாம்பு கடித்திருக்கிறது, அல்லது கூரை பற்றியிருக்கிறது, அல்லது யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று பொருள். கேட்டவர்கள் எல்லாரும் கையில் இருப்பதோடு ஓடி வரவேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒழுங்காக நடந்துவந்தது.

அந்த ஓடைக்கரையில் உச்சிப்பொழுதுக் கூவல் தேன்மொழியுடையது. அவள் செல்லமுத்துவின் தங்கை மகள். முருகானந்தத்தைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவருக்கு அவள் மருமகள்தான். களியைக் கிண்டி இறக்கிவிட்டு வாசல் ஓரத்துக்குப் போவாள். இடுப்பில் ஒரு கை, வாயோரம் ஒரு கை. "மாமோவ்வ்வ்!" மூன்று மடிப்பாக எழும்பி, ஓடைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மிளகுக் கொடிகளுக்கு நடுவே போய் இறங்கும். "ஓவ்" என்று கிழவர் பதில் தருவார். பக்கத்து வீட்டுப் பாவாயி அதைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாக ஒரு பேச்சு உண்டு. கேட்டால் அவர் மறுப்பார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுப்பார்.

முருகானந்தம் நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். படிப்பு முடிந்ததும் பட்டத்தோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் மலைமேல் ஏற்றி வந்தான். வீட்டின் முன்னறையில் அதை வைத்து, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று பலகை எழுதி மாட்டினான். கிளை இருப்பதாக யாரும் சந்தேகப்படவில்லை. சாதிச் சான்றிதழ் மனு, கிணற்றுக் கடன் மனு, போன மனுவுக்குப் பதில் வராததைப் பற்றிய மனு, இவைதான் தொழில். பெட்டிக்குள் விண்டோஸ் 98 ஓடியது. ஹார்டு டிஸ்க் இரண்டு. சின்னதில் விண்டோஸ் குடியிருந்தது, பெரியதில் மற்றதெல்லாம்.

2003இல் தேன்மொழியின் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம்.

"கொரலு போயிருமுங்களா?" என்று கேட்டான் முருகானந்தம்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். போனாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர். சுவரில் அவருடைய பட்டங்கள் வரிசையாகத் தொங்கின.

வீட்டுக்கு வந்ததும் முருகானந்தம் ஒரு மைக்கைக் கம்ப்யூட்டரில் செருகி, அவளை ஜன்னலோரம் நிறுத்தினான்.

"கூவு."

"ஆரைங்க?"

"அப்பனைத்தான். தெனமும் கூப்புடற மாதிரியே."

"மாமாதான் பின்னால உக்காந்து வெத்தல போடறாருங்களே. பக்கத்துல இருக்கற ஆளை எப்படிக் கூவறதாம்?"

"நானு வேணா எந்திரிச்சு வெளிய போறஞ் சாமி" என்று செல்லமுத்து தானாகவே எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் சிரித்து முடித்துவிட்டுக் கூவினாள். பதிவின் தரம் என்ன வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது: தொலைபேசித் தரமா, வானொலித் தரமா, சி.டி. தரமா? பெண்டாட்டியின் குரலைத் தொலைபேசித் தரத்தில் வைத்துக்கொள்ள முருகானந்தம் அவ்வளவு கஞ்சன் இல்லை. சி.டி. தரம் என்றான். அந்தப் பெருந்தன்மையில் கோப்பு எந்தப் பிளாப்பியிலும் அடங்காத அளவுக்கு ஊதிப்போனது. 'மாமோவ்' என்று பெயர் வைத்தான். கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி டாட் வேவ் என்று குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

அந்த மலையில் சாமை விதையை யாரும் ஒரே வீட்டில் வைப்பதில்லை. ஒரு பங்கு அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விடும். இங்கே பூச்சி விழுந்தாலும் கூரை ஒழுகினாலும் அங்கே போய் வாங்கி வந்து விதைக்கலாம். முருகானந்தத்துக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. சேந்தமங்கலத்தில் சசிதரன்தான் இருந்தான். கல்லூரியில் கூடப் படித்தவன், கீழ்நாட்டுக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். பெரிய ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, மலை இறங்கி, அவனிடம் கொடுத்து, ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னான் முருகானந்தம்.

சசிதரன் பிரதி எடுத்து வைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் நட்புக்காக உயிரையே கொடுப்பவன், உயிரைக் கேட்காதபோது வேறு எதையாவது கொடுப்பவன். அவனுடைய கம்ப்யூட்டரில் புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி வந்திருந்தது.

"டிஸ்கைக் கொஞ்சம் சரி பண்ணி வெச்சிருக்கறன் மாப்ள. இனி பத்தரம்" என்று சொல்லித் துண்டோடு திருப்பிக் கொடுத்தான். என்ன சரி பண்ணினான் என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்பதே இவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி போனது. டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்று நடந்தது.

காய்ந்த சருகில் ஓணான் நடக்கிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் காதை வாயருகே கொண்டுபோனால்தான். முதல் நாள் பாவாயி வந்து, "என்ன கண்ணு, திருடன் மாதர பேசற?" என்று கேட்டுச் சிரித்தாள். பிரியமாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தேன்மொழி அந்தக் கரகரப்பையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். எது கேட்டாலும் தலையாட்டல். கொஞ்சம் உப்பு வேண்டுமா என்றால் விரலால் ஒரு சிட்டிகை. வாசல் ஓரத்துப் பக்கம் போவதே இல்லை.

உச்சிப்பொழுதுக்குச் செல்லமுத்து வருவதும் நின்றது. அவர் வீம்புக்காரர் இல்லை. கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் மண்வெட்டியைக் கீழே வைக்கத் தோன்றாது, அவ்வளவுதான். பொழுது சாய்ந்து வந்து, "பசியே தெரியிலீயே" என்பார். முருகானந்தம் ஒரு நாள் வாசல் ஓரத்தில் நின்று கூவிப் பார்த்தான். எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது:

"ஏன்டா, மாடு அவுத்துக்கிச்சா?"

அதற்குப் பிறகு தேன்மொழி தூக்குப்போசியில் களியைப் போட்டுக்கொண்டு, கழுத்துக் கட்டோடு ஓடையில் இறங்கி ஏறத் தொடங்கினாள். ஏறக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லிப் பார்த்தால் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுப் போனாள்.

தன்னிடம் அந்தக் குரல் இருக்கிறதே என்று முருகானந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மாரியம்மன் நோன்புக்கு மைக் செட் போடும் காளியண்ணனிடம் ஒரு கூம்புக் குழாயும் பெட்டியும் கேட்டு வாங்கலாம். உச்சிப்பொழுதுக்கு 'மாமோவ்' ஓடும். அப்பன் வருவார். அவள் ஓடையில் இறங்க வேண்டாம். தன் குரலைத் தானே கேட்டால் இவளுக்கும் வாய் திறக்கும்.

துண்டைப் பிரித்து ஹார்டு டிஸ்கை மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டான். சின்ன டிஸ்க் இருந்தது. பெரிய டிஸ்க் இல்லை. பழுது என்றுகூட 98 சொல்லவில்லை. அப்படி ஒன்றைத் தான் கண்டதேயில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது. கழற்றி ஊதி மாட்டினான். இல்லை. வயரை மாற்றினான். இல்லை. மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில் உள்ளே எல்லாம் புரண்டு வாந்தி எடுத்துவிட்டதோ என்று டிஸ்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். பட்டம் வாங்கியவன் செய்யும் பரிசோதனை அது.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சசிதரனுக்குப் போன் போட்டான்.

"அந்தப் பிரதி இருக்குதில்ல மாப்ள?"



"போன வாரம் என்ற சிஸ்டத்தைத் தொடச்சு மறுபடி போட்டம் மாப்ள" என்றான் சசிதரன். சிலருக்கு எண்ணெய்க் குளியல் போல அவனுக்கு அது ஒரு வழக்கம். "ஏன், உங்கட்டத்தான் அசலு இருக்குதே?"

முருகானந்தம் போனை வைத்துவிட்டான். வைத்ததுதான் தப்பு. ஒரு நிமிஷம் நின்று திட்டியிருந்தால் சசிதரனே காரணத்தைச் சொல்லியிருப்பான். இவன் வீட்டுக்கு வந்து, கல்லூரியில் படித்ததை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, கறுப்புத் திரையில் கட்டளை மேல் கட்டளை அடித்தான். கடைசியில் கம்ப்யூட்டர் இரங்கி ஒரு யோசனை சொன்னது. யாரோ அடையாளம் தெரியாத ஆள் ஒரு டிஸ்கில் இருக்கிறான், துடைத்துப் புதிதாக்கித் தரட்டுமா, ஆமா, இல்லையா? துடைத்தால் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் துடைத்தாலாவது கண்ணுக்குத் தெரியுமே என்று ஓர் ஆசை. தெரிந்த பிறகு எப்படியாவது மீட்டுக்கொள்ளலாம் என்று இன்னோர் ஆசை. விரல் ஆமாவின் மேல் போய் நின்றது.

பின்னால் நின்றிருந்த தேன்மொழிக்கு அந்தக் கறுப்புத் திரையில் ஒரு எழுத்தும் புரியவில்லை. அவன் முதுகு புரிந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். அப்புறம் டிஸ்கைக் கழற்றச் சொல்லிக் கை காட்டி, துண்டை எடுத்து நீட்டினாள். கீழே போய்ப் பார் என்று பொருள்.

மறுநாள் பஸ்ஸில் அந்தத் துண்டு மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒரு பக்கம் சாய, இவன் மறுபக்கம் சாய்ந்து சமன் செய்தான். பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "கைக்கொழந்தைங்களா?" என்று விசாரித்தார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டான். அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கும்வரை அவர் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

சசிதரன் டிஸ்கை வாங்கி எக்ஸ்பியில் மாட்டினான். மாட்டியதும் அது திறந்துகொண்டது. மனுக்கள், கல்யாணப் பத்திரிகைகள், மாமோவ். எல்லாம் வைத்தது வைத்தபடி.

"நல்லாத்தான இருக்குது?"

"எம்பட பெட்டியில இல்லைங்குதே!"

"ஓ" என்றான் சசிதரன். அந்த 'ஓ'வில் ஒரு குற்றவாளி எட்டிப் பார்த்தான். "உன்றது இன்னும் தொண்ணூத்தெட்டா?"

"அன்னிக்கு இதை என்ன பண்ணித் தொலைச்ச?"

"இது முந்தி ஃபேட் முப்பத்திரண்டுங்கற முறையில இருந்துச்சு. நானு என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு மாத்தி வெச்சன். புது முறை மாப்ள. கரண்டு போனாலும் பைலு போகாது."

"பைலு போகல. நாந்தான் போய்ட்டன்."

"கோவிச்சுக்காத. இப்ப உங்க அம்மா உப்பை மரவைக் கிண்ணத்துல போட்டு அடுப்புக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்கன்னு வெய்யி. புதுசா வந்தவ அதையே டப்பாவுல போட்டு, மூடி போட்டு, மேல் அலமாரியில அடுக்கிட்டா. உப்பு ஊட்டுக்குள்ளதான் இருக்குது. உங்க அப்பன் வந்து பாத்தா, இந்த ஊட்டுல உப்பே இல்லைன்னுதான் சொல்லுவாரு. தொண்ணூத்தெட்டு உங்க அப்பன். எக்ஸ்பி வந்து புது மருமக. அவளுக்கு மரவையும் தெரியும், டப்பாவும் தெரியும்."

"எங்க அப்பனைப் பேசாத. டிஸ்கைப் பழையபடி மாத்திக் குடு."

"போறதுக்கு வழி இருக்குது, திரும்பறதுக்கு இல்லை. எல்லாத்தையும் இங்க எறக்கி வெச்சுட்டு, டிஸ்கைத் தொடச்சு, மறுபடி பழைய முறையில ஏத்தோணும்."

"தொடைக்கறதா?" முருகானந்தம் டிஸ்கின் மேல் கையை வைத்துக்கொண்டான். நேற்றைய ஆமா அவன் விரல் நுனியில் இன்னும் சுட்டது. "தொடைக்கறதுக்கு முந்தி, எறக்குனது பாடுதான்னு போட்டுக் காட்டு."

சசிதரன் போட்டான்.

"மாமோவ்வ்வ்!"

மாடி ஜன்னல் வழியாக அது சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குள் இறங்கியது. நாமக்கல் வண்டிக்கு நின்றிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு மாதமாக ஒரு சொல் கேட்காத காதோடு முருகானந்தம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அங்கே தொங்கிய விலைப்பட்டியலை மிகுந்த அக்கறையோடு படித்தான்.

"இன்னொருக்கா போடட்டா?" என்று சசிதரன் மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம். தொடை."

டிஸ்க் பழைய முறைக்குத் திரும்பியது. குரல் ஏறியது. பிரதியை இனிமேல் எந்த எண்ணெய்க் குளியலிலும் துடைப்பதில்லை என்று சசிதரன் அவனுடைய எக்ஸ்பி மீது சத்தியம் செய்தான்.

அடுத்த நாள் முற்பகலிலேயே காளியண்ணன் வந்து கூம்புக் குழாயைக் கூரை முகட்டில் கட்டிவிட்டுப் போனார். தேன்மொழி அடுப்பங்கரையில் இருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்பதற்கான வாயைத்தான் மூடி வைத்திருந்தாளே. 98 இந்த முறை டிஸ்கை அடையாளம் கண்டுகொண்டது. பதில் வரும்வரை கூவ வேண்டும் என்ற விதியை முருகானந்தம் மறக்கவில்லை. திரும்பத் திரும்பப் பாடும்படி அமைத்துவிட்டு, பட்டனைத் தட்டிவிட்டு, அப்பன் வரும் அழகைப் பார்க்க வாசல் ஓரத்துக்கு ஓடினான்.

"மாமோவ்வ்வ்!"

ஓடை இதுவரை கேட்டிராத அளவில் அது போனது. எதிர்க்கரையில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு தலைப்பாகை சட்டென்று நிமிர்ந்தது.

"ஓவ்!" என்றார் செல்லமுத்து. அந்த ஓவில் ஓர் உடைசல் இருந்தது.

"மாமோவ்வ்வ்!" என்றது குழாய்.

"ஓவ்! ஓவ்!"

"மாமோவ்வ்வ்!"

பட்டனைத் தட்டினால் கூவத் தெரிந்த கம்ப்யூட்டருக்குக் காது இல்லை என்பது முருகானந்தத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் எதிர்க்கரையில் தலைப்பாகை கழன்று விழ, கிழவர் கொடுவாளோடு ஓடையில் பாய்ந்துகொண்டிருந்தார். மேட்டிலிருந்து பாவாயி குடத்துத் தண்ணீரோடு வந்தாள். மாணிக்கம் மண்வெட்டியோடும், அவன் மச்சான் பாம்புக்கடிக்குக் கட்டும் கயிற்றோடும், வாத்தியார் சாக்பீஸோடும் வந்தார்கள். முருகானந்தம் உள்ளே ஓடி நிறுத்தத் தேடினான். பதற்றத்தில் மவுஸ் கீழே விழுந்தது. குழாய் இன்னும் இரண்டு முறை மாமனை அழைத்தது. தேன்மொழி அடுப்பங்கரையிலிருந்து வந்து, போன தடவை மாதிரியே, பிளக்கைப் பிடுங்கினாள்.

வாசலில் செல்லமுத்து மூச்சிரைக்க நின்றார். முழங்காலில் சிராய்ப்பு. கூட்டத்தைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. அவளுடைய கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன கண்ணு ஆச்சு? உனக்கு ஒண்ணுமில்லியே? கொரலு வந்துருச்சா சாமி?"

அவள் தலையாட்டலில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லீங் மாமா. உங்க மவம் பண்ணுன கூத்து."

கிழவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, "என்னாங்கறா?" என்று பாவாயி குடத்தோடு முன்னால் வந்தாள். அவளுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. மாணிக்கத்துக்கும் சொன்னாள். வாத்தியாருக்குச் சொல்லும்போது கூத்து என்பதை மரியாதையாக வேலை என்று மாற்றிச் சொன்னாள். ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக முருகானந்தத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். இந்தப் பேச்சில் திருடன் யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஓடி வந்தவர்களைப் பசியோடு அனுப்ப முடியாது. களி போதவில்லை. பாவாயி கொண்டுவந்த குடத்துத் தண்ணீரே மறு உலைக்கு ஆயிற்று.

கூட்டம் போன பிறகு முருகானந்தம் ஏணியை எடுத்துக்கொண்டு குழாயைக் கழற்றப் போனான். தேன்மொழி ஏணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டுமுங்க. நாளைக்கு ஒருக்கா போடுங்க. ஒண்ணே ஒண்ணு. மாமா சத்தம் குடுத்ததும் நிறுத்திப் போடோணும்."

"நாந்தான் போடோணுமா? அப்ப நீ எங்க போற?"

"நானு மெதுவா மாமாகூட அக்கரைக்குப் போறன். அங்கிருந்து எப்படிக் கேக்குமுன்னு எனக்குத் தெரியாதில்லீங்?"

அதுவரை அவனுக்கும் அது தோன்றியதில்லை. அந்தக் குரல் போய் இறங்கும் இடத்தில் அவள் ஒரு நாளும் நின்றதில்லை. அவள் எப்போதும் புறப்படும் இடத்திலேயே இருந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அவன் மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரே ஒரு முறை தட்டினான். மூன்று மடிப்பும் எழும்பிப் போயின. எதிர்க்கரை அமைதியாக இருந்தது. வழக்கமாக வரும் நேரத்தில் ஓவ் வரவில்லை. இன்னொரு முறை தட்டலாமா என்று விரல் யோசித்தபோது, கொஞ்சம் தாமதமாக, கிழவரின் ஓவ் வந்து சேர்ந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். செல்லமுத்து கால் கழுவப் போனார். தேன்மொழி நேராக முன்னறைக்கு வந்து, கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து அவனை எழுப்பி, தான் உட்கார்ந்தாள்.

"நாளையிலிருந்து நானே தட்டறனுங்க. எதைத் தட்டோணும்?"

அவன் காட்டினான். அவள் மவுஸைக் கல்லுப்போல் இறுக்கிப் பிடித்து, சுட்டியைத் திரையின் ஓரத்துக்குத் துரத்தி, மறுபடி பிடித்து இழுத்து வந்தாள்.

"அங்க எப்படிக் கேட்டுச்சு?" என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதருகே வந்து சொன்னாள்.

"நல்லாத்தாங்க இருக்குது. ஆனா கொஞ்சம் அதிகாரம் சாஸ்தி. இத்தன நாளு எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ, அப்பனும் மவனும்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவனிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். முருகானந்தத்துக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே கேட்டது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.